ஒரு பனை நீளத் தண்ணீர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், செத்துப்போன பிறகும் எழும்பி வந்து, பெயரில் ஒரு கொம்பு குறைகிறது, ஒரு புள்ளி கூடுகிறது என்று எனக்கு எதிராக மேலிடத்துக்கு ஒரு முறைப்பாட்டு மனு, பெட்டிசம், போட்டுவிடுவார். ஊரில் அவரைப் பெட்டிச ஐயா என்பார்கள். முகத்துக்கு நேரே ஐயா, முதுகுக்குப் பின்னால் பெட்டிசம்.

யாழ்ப்பாணத்தில் பெட்டிசம் எழுதுவது ஒரு வருத்தம், ஊரைப் பிடித்த நோய். பக்கத்து வீட்டுக்காரன் கிணறு வெட்டினால் பெட்டிசம், ஒருவனுக்கு உத்தியோக உயர்வு வந்தால் பெட்டிசம். ஆனால் மற்றவர்கள் மொட்டையாக எழுதுவார்கள். இவர் பெயர், விலாசம், பழைய உத்தியோகம் எல்லாம் போட்டு, கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புவார். அனுப்பிவிட்டு, யாருக்கு எதிராக எழுதினாரோ அவருடைய வீட்டுக்கே ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுப்பார். உங்களுக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்பார்.

எனக்கும் வந்தது. என்னுடைய முதல் கல்வீட்டுக்கு மதில் கட்டியபோது ஒழுங்கைச் சந்துக்குள் அரை அடி போய்விட்டது. எல்லாரும் போவதுதான். அவர் பிரதியோடு என் வாசல் படலையில் நின்றார். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும் என்று தெரிந்து, தானே நின்றபடி முழுவதையும் வாசித்தும் காட்டினார். எனக்கு எதிராக எழுதியதை எனக்கே வாசித்தார், ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல். அடுத்த நாள் மதிலை நானே இடித்தேன். இடித்துவிட்டு அதைவிட நல்ல மதில் ஒன்று கட்டினேன், அது வேறு கதை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிறு வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அக்கா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கி என்னை வளர்த்தாள். கல்லுச் சுமந்து, சாந்து குழைத்து, மேசனாகி, முப்பது வயதில் என் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். நீர்வேலியிலிருந்து கிழக்கே உப்பாறு வரை நான் கட்டிய மதகுகளைப் போய்ப் பாருங்கள். ஷெல் விழுந்து உடைந்ததைத் தவிர, தானாக வெடிப்பு விட்டது ஒன்றுகூட இல்லை. படித்த எஞ்சினியர்மார் கட்டியவை எத்தனை வெடித்துக் கிடக்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐயா எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கிய சனங்களோடு வந்தவர். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் முப்பது வருஷம் கிளாக்கர். கலியாணம் செய்யாத ஆள். அங்கே அவருடைய அறையைக் கொளுத்தும்போது, எதை எடுத்துக்கொண்டு ஓடினார் என்று நினைக்கிறீர்கள்? சுற்றறிக்கைகள். ஒரு பெட்டி நிறைய அரசாங்கச் சுற்றறிக்கைகள். உடுப்பு இரண்டுதான் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் எதிர்ப்புறம் இருந்த தாய்வீட்டில் தனியே குடியிருந்தார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றமாட்டார். கறுத்த நீல மை, இடையில் கரித்தாள், எப்போதும் மூன்று பிரதி. எதைக் கேட்டாலும், எழுத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். ஒருமுறை மழை பிந்தியபோது, ஐயா இந்திரனுக்குப் பதிவுத் தபால் போட்டுவிட்டாராம் என்று சந்தையில் பகிடி விட்டார்கள். அவர் காதிலும் விழுந்தது. சிரிக்கவில்லை. விலாசம் இல்லாமல் எப்படிப் போடுவது என்று கேட்டார்.

இனி உப்பாற்றுக்கு வருகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

உப்பாற்றுக்கு மேற்கே நாங்கள், வலிகாமம். கிழக்கே தென்மராட்சி. நடுவில் கடல்நீர். கோடையில் முழங்கால் அளவு. ஐப்பசி மழை தொடங்கினால் மார்புக்கு மேலே ஏறும். அக்கரையில் இறங்கினால் இரண்டு மைலில் ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் நாவற்குழியால் சுற்றிப் போகவேண்டும், அரை நாள். அக்காவுக்கு முட்டு வருத்தம். மாரி தொடங்கினால் மூச்சு இழுக்கும். ஒவ்வொரு மாரியிலும் அவளைச் சைக்கிளில் வைத்துச் சுற்றிக்கொண்டு போகும்போது, முதுகுக்குப் பின்னால் அவளுடைய நெஞ்சு விசில் அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டே உழக்கியிருக்கிறேன். உப்பாற்றுக்குக் குறுக்கே ஒரு தாம்போதி கட்டாமல் சாகமாட்டேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். கல்லடுக்கி, நடுவில் மதகுகள் வைத்து, மேலே வண்டி போகிற மாதிரி ஒரு பாதை. எனக்கு அது ஒரு வேலையே இல்லை.

ஆனால் உப்பாறு இரண்டு நிர்வாகப் பிரிவுகளின் எல்லை. எங்கள் பிரிவின் அரசாங்கக் கந்தோருக்குப் போனால், அக்கரைக்கு எங்கள் காசு போகாது என்பார்கள். அவர்களுடைய கந்தோருக்குப் போனால், இக்கரைக்கு எங்கள் காசு வராது என்பார்கள். இப்படியே எத்தனையோ வருஷம். கடைசியில், எண்பத்து நாலில் என்று நினைக்கிறேன், எல்லைப்புற வேலைகளுக்கென்றே கொழும்பிலிருந்து ஒரு நிதி வந்தது. நிபந்தனை மூன்றுதான். வேலை இரண்டு பிரிவுக்கும் நடுவே இருக்கவேண்டும். இரண்டு பக்கத்துக் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒரே கடுதாசியில் கையெழுத்து வைக்கவேண்டும். மார்கழி முடிவதற்குள் வேலை முடியவேண்டும், முடியாவிட்டால் காசு திரும்பிப் போய்விடும்.

இரண்டு சங்கங்களும் ஒரு மாட்டுச் சவாரிச் சண்டையில் முகம் பார்க்காமல் இருந்தவை. எங்கள் சங்கத் தலைவர் பட்டதாரி, அவர்களுடைய தலைவர் அதிபர். இரண்டு பேருக்கும் முதலில் வணக்கம் சொல்லப் பயம். நான்தான் சைக்கிளில் சுற்றிச் சுற்றி ஓடி, ஒரு மேசையில் இருத்தி, ஒரே கடுதாசியில் கையெழுத்து வைப்பித்தேன். படித்தவர்கள் பத்து வருஷம் செய்யாததை மூன்றாம் வகுப்புக்காரன் மூன்று கிழமையில் செய்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தேங்காய் உடைத்து வேலையைத் தொடங்கினோம். இக்கரையிலிருந்து நானும் என் பன்னிரண்டு பேரும், அக்கரையிலிருந்து அவர்களுடைய மேசன்மாரும். அக்காவின் மகன், என் மருமகன், அப்போதுதான் என்னிடம் கரண்டி பிடிக்கப் பழகியிருந்தான். புரட்டாதிக் கடைசியில் இரண்டு பக்கமும் நெருங்கிவிட்டது. நடுவில் ஒரு பனை நீளம்தான் மிச்சம். ஒரு கிழமை வேலை. சீமெந்து சங்கக் கட்டடத்தில் இருந்தது, கல்லு கரையில் குவிந்து கிடந்தது.

அன்றைக்குப் பார்த்து அவர் பிரதியோடு வந்தார். முழுக்கைச் சட்டையோடு, தாம்போதி வழியே நடந்து, நாங்கள் கட்டிய கல்லின் மேலேயே நடந்து வந்து, என் கையில் தந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய பாட்டன் காலத்துக் காணி உறுதிப் பத்திரம் ஒன்றில், பிரிவெல்லை உப்பாற்றின் நடுவில் இல்லை, கிழக்குக் கரையில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. அவர் பழைய பிளானையும் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார். அதிலும் அப்படித்தான். அப்படியென்றால் தண்ணீர் முழுவதும் எங்கள் பிரிவுக்குள். தண்ணீர் முழுவதும் எங்கள் பிரிவுக்குள் என்றால், தாம்போதி எல்லைப்புற வேலை இல்லை. எல்லைப்புற வேலை இல்லை என்றால் எல்லைப்புற நிதியில் கட்டக்கூடாது. இதைச் சுற்றறிக்கை இலக்கம் போட்டு ஏழு இடத்துக்கு எழுதியிருந்தார்.

சாந்து ஒட்டிய கரண்டி என் கையில் இருந்தது. அதை நான் கீழே வைத்ததுதான் அந்த வருஷம் நான் செய்த பெரிய புண்ணியம்.

"ஐயா, இதாலை உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபமோ? ஒரு சதம் இல்லை, தம்பி. பிழையான கடுதாசியிலை பாலம் கட்டக்கூடாது."

"பாலம் கடுதாசியிலை கட்டுறேல்லை ஐயா. கல்லிலை கட்டுறது."

"கல்லு நாளைக்கு இடிஞ்சால் திருப்பிக் கட்டலாம். பிழையை ஒருக்கால் எழுத்திலை விட்டால், பிறகு அதுதான் சட்டம்."

"அக்காவுக்கு மாரி தொடங்கினால் மூச்சு நிக்குது. அது எந்தச் சுற்றறிக்கையிலை இருக்குது?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, அதற்குச் சுகாதாரத் தலைப்பில் தனியே விண்ணப்பிக்கலாம், தான் எழுதித் தருகிறேன் என்றார்.

விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்தச் சொல்லிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. எல்லையை அளக்க நில அளவையாளர் வரவேண்டும். அவர் வருகிற நேரம் பார்த்துத் தெருவில் கண்ணிவெடி, ஊரடங்கு. மார்கழி முடிந்தது. காசு திறைசேரிக்குத் திரும்பிப் போய்விட்டது. கந்தோர்க்காரர் சீமெந்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் நீட்டிய தாம்போதி, நடுவில் ஒரு பனை நீளத் தண்ணீரோடு நின்றது. கொக்குகள் வந்து குந்தியிருந்தன. அந்த மாரியிலும் அக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னை நக்கலடித்தாள்.

"நீ உலகத்திலை பெரிய மேசன். ஒரு கடுதாசி இடிக்காத மாதிரிக் கட்டத் தெரியேல்லை."

"அந்தாளைப் பற்றிக் கதையாதை அக்கா."

"ஏன்? அவர் பொய் எழுதேல்லையேடா. எல்லை அங்கைதான் எண்டால் அங்கைதான்."

அவளுக்கு அவர்மேல் மரியாதை. படித்த மனிதர் என்று. எனக்கு அதுவும் சேர்ந்து எரியும்.

அடுத்த வருஷம் ஆமி சுற்றிவளைத்து மருமகனைப் பிடித்துக்கொண்டு போனது. வேலைக்குப் போன பையனைச் சாந்துக் கையோடு கொண்டுபோனார்கள். எங்கேயோ தெற்கில் ஒரு முகாமில் இருக்கிறான் என்று மட்டும் கேள்வி. நான் எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் எல்லாரிடமும் போனேன். நான் வீடு கட்டிக் கொடுத்த ஆட்கள். கதவைத் திறந்து, தேத்தண்ணி தந்து, அனுப்பிவிட்டார்கள். அக்கா எனக்குச் சொல்லாமல் ஒழுங்கையைத் தாண்டி அவரிடம் போனாள்.

நான் போகவில்லை. வேலிக்கு இப்பால் நின்று கேட்டேன். அவர் அவளிடம் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. எத்தனை மணி, எந்தச் சந்தி, பொடியன் என்ன நிறச் சட்டை, கையில் என்ன சாமான், வாகன இலக்கம் யாராவது பார்த்தார்களா. அவள் அழுதால் பேனாவை மூடி வைத்துவிட்டு, அழுது முடியும்வரை பொறுத்திருந்து, அடுத்த கேள்வியைக் கேட்டார். அன்றைக்குத் தொடங்கினார். மந்திரிக்கு, முகாம் பெரியவனுக்கு, நீதவானுக்கு, ஆயருக்கு. ஆள் சுத்தமான சைவம், ஆயருக்கும் எழுதினார். வாரம் ஒரு கடிதம். பதில் வராவிட்டால், முந்திய கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டு இன்னொன்று. எட்டு மாதம்.

மருமகன் வந்தான். நடையில் ஒரு நொண்டல், மற்றபடி உயிரோடு. அவனோடு பிடிபட்டவர்களில் வராதவர்களும் இருக்கிறார்கள். விடுதலைக் கடுதாசியின் தலையில் ஐயாவுடைய கடித இலக்கம் இருந்தது. அதை அவர் எங்களுக்கு விரலால் தொட்டுக் காட்டினார். அன்றைக்குத்தான் அவர் சிரித்ததை நான் பார்த்தது.

நான் நீர்வேலிக்குப் போய் ஒரு முழுக் கதலி வாழைக்குலை வாங்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். எனக்கு அந்த ஒழுங்கையைத் தாண்டுவது லேசான காரியமா? தாண்டினேன். அவர் குலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு அலுவல் முடிஞ்ச பிறகு குடுக்கிறதுக்கும் பேர் லஞ்சம்தான். கொண்டுபோ."

ஆட்டுக்கு வெட்டிப் போட்டேன். முழுக் குலையையும்.

மருமகன் பிறகு வெளிநாடு போய்விட்டான். இந்தியன் ஆமி வந்து போனது. தொண்ணூறுக்குப் பிறகு சீமெந்துக்குத் தடை, இரும்புக்குத் தடை, சவர்க்காரத்துக்கும் தடை. எங்கள் பக்கத்தில் பெடியளின், அதுதான் இயக்கத்தின், ஆட்சி. ஆனால் கந்தோர்கள் கொழும்புக்குக் கீழே நடந்துகொண்டிருந்தன. கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வரும். கல்லையும் பனங்குற்றிகளையும் போட்டாவது அந்த ஒரு பனை நீளத்தை மூடப் பார்த்தேன். இரண்டு முறை மூடினேன். இரண்டு மாரியும் அள்ளிக்கொண்டு போனது. மதகு வைத்துச் சீமெந்தில் கட்டாவிட்டால் நிற்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போட்டேன்.

அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லையைத் திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். உப்பாற்றின் நடுவுக்கு எல்லையை மாற்றி அரசாங்க இதழான வர்த்தமானியில் போட்டால், அது எல்லைப்புற வேலை ஆகிவிடுமாம், பிறகு முறைப்படி நிதி கேட்கலாமாம். வருஷத்துக்கு ஒரு கடிதம். கொழும்பிலிருந்து ஒருமுறை பதிலும் வந்தது, கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று. அதையும் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். தலைக்கு மேலே பொம்பர் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், ஆமி நெருங்குகிறது என்று பெடியள் ஊரையே விட்டு எழும்பச் சொன்னார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே மாலையில். விடிந்து பார்த்தால் நாவற்குழிப் பக்கம் போகிற தெருவில் சனம் நகரவே இல்லை, அப்படியே நின்றது. மழை கொட்டியது. அக்காவின் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிட்டது. நான் சைக்கிளை உப்பாற்றுக்குத் திருப்பினேன். எங்கள் ஊர்ச் சனம் இருநூறு பேர் மட்டில் எனக்குப் பின்னால் வந்தது.

என்னுடைய தாம்போதி நின்றது. பதினொரு வருஷம். ஒரு கல்லு அசையவில்லை. அதன் நுனிவரை போய் நின்றோம். முன்னால் ஒரு பனை நீளத் தண்ணீர், மார்புக்கு மேலே, இழுவையோடு. அந்தப் பக்கம் மற்றப் பாதி தெரிந்தது. கத்தினால் கேட்கும் தூரம்.

கயிறு கட்டினோம். கதவுப் பலகைகளில் பிள்ளைகளையும் கிழடுகளையும் இருத்தித் தள்ளினோம். அக்காவைப் பலகையில் நம்பி விட எனக்கு மனமில்லை, தோளில் தூக்கினேன். நடுவில் என் கால் வழுக்கியது. ஒரு விநாடி அவள் தலை தண்ணீருக்குள் போய் வந்தது. ஒரு விநாடிதான். அக்கரையில் இருத்தியபோது உதடு நீலம்.

திரும்பி வந்து வந்து ஆட்களை எடுத்தேன். கடைசியில் நுனியில் அவர் நின்றார். தலையில் சூட்கேஸ், முழுக்கைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவரை விட்டுவிட்டு ஏறிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கமாட்டேன். அக்கரையிலிருந்து அக்கா, பேச மூச்சில்லாமல், கையைக் காட்டினாள். அவரைக் கூட்டிக்கொண்டு வா என்று.

கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, நடுத்தண்ணீரில் அவருடைய இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன். பதினொரு வருஷமாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஐயா, இப்ப நாங்கள் நிக்கிறது எந்தப் பிரிவு?"

தண்ணீர் அவருடைய தாடையில் அடித்தது.

"எங்கடை பிரிவுதான், தம்பி. அதைத்தானே நான் எழுதினனான்."

ஒரு வெட்கம் இல்லை. ஒரு நடுக்கம் இல்லை, குளிரில் நடுங்கியதைத் தவிர. நான் அவரைக் கரையில் கொண்டுபோய் விட்டேன்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம். ஆஸ்பத்திரி இரண்டு மைலில்தான், ஆனால் வாசலில் கால் வைக்க இடமில்லை, முட்டுக்கு மருந்தில்லை. ஆறாம் நாள் காலையில் அக்கா வாங்குப் பலகையின் மேலே, சுவரில் சாய்ந்தபடி போய்விட்டாள். மகன் எந்த நாட்டிலோ. கொள்ளி நான் வைத்தேன்.

அந்த நாட்களில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் நிவாரண அரிசி வரவில்லை. அந்த இடத்துக் கிராம அதிகாரி, விதானையார், வந்து விளக்கம் சொன்னார். நீங்கள் எங்கள் பிரிவு ஆட்கள் இல்லை, உங்கள் அரிசிக்கான காசு உங்கள் பிரிவுக் கந்தோருக்குத்தான் வரும், அங்கே கேளுங்கள் என்றார். எங்கள் பிரிவுக் கந்தோர் எங்கே? அவர்களும் எங்களைப் போல ஓடி வந்து எந்த மரத்தின் கீழ் நிற்கிறார்களோ. பிள்ளைகள் அவித்த மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிடித்திருந்தார்கள்.

ஐயா இரண்டாம் நாளே எழுதத் தொடங்கியிருந்தார். முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சூட்கேஸில் நனையாமல் கொண்டுவந்த கரித்தாளை வைத்து, மூன்று பிரதி. ஒவ்வொரு குடும்பத்திடமும் போய்ப் பெயர், வயது, அட்டை இலக்கம். அக்காவின் பெயரை ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் தேதி போட்டார். பிறகு நடந்து போனார். எங்கள் பிரிவுப் பெரியவரை ஒரு கோயில் மடத்தில் கண்டுபிடித்தார். அவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக் கந்தோருக்குப் போய், இரண்டு பிரிவுப் பெரியவர்களையும் ஒரே கடுதாசியில் கையெழுத்து வைப்பித்தார். இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு பிரிவு மற்றப் பிரிவுக்காகக் கொடுத்துப் பிறகு சரிக்கட்டலாம் என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறதாம். அவருக்கு அதன் இலக்கம் தெரிந்திருந்தது. இரண்டு பிரிவு, ஒரே கடுதாசி. அதைப் பார்த்தபோது எனக்கு அவருடைய கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது.

அக்காவின் எட்டுச் செலவுக்கு, எட்டாம் நாள் படையலுக்கு, முந்தின நாள் லொறி வந்தது. அரிசி, பருப்பு, கொஞ்சம் சீனி.

இரவல் வாங்கிய கிடாரத்தில் அந்த அரிசியைத்தான் சமைத்தேன். வேறு அரிசி இல்லை. பள்ளிக்கூட விறாந்தையில் வாழையிலை போட்டு அக்காவுக்குப் படைத்தேன். என் அக்கா பிறருடைய தோட்டத்தில் குனிந்து எனக்குச் சோறு போட்டவள். அவளுக்கு நான் படைத்த சோறு அந்த மனிதருடைய பேனா கொண்டுவந்த சோறு.

சனம் பந்தியில் இருந்தது. அவரும் வந்து இருந்தார், முழுக்கைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு. நான்தான் பரிமாறினேன். அவர் ஒரு வாய் எடுத்து மென்றார். விரலால் வாயிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

"பழைய அரிசி, தம்பி. மூட்டைக்கு நிறையும் குறையுது. நாளைக்கு எழுதவேணும்."

அவருடைய இலையில் இன்னும் ஒரு அகப்பை போட்டேன். பிறகு பந்தியின் கடைசியில் நானும் போய் இருந்து, கல்லைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, அந்தச் சோற்றைத் தின்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அவ்வளவு பசி. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை.